மேலே போகாத பாட்டுகள்

2 பிப்ரவரி 2006, வியாழன்

பால் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தார்நாகா டாக்டரிடம் போனேன். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு என் தொண்டையை எனக்கே டி.வி.யில் காட்டினார். குரல்நாணில் ஒரு முடிச்சு. அரிசி மணி அளவுகூட இல்லை. ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாமாம். ஆனால் அதுவரை உச்சிக்குப் போய்ப் பாடக் கூடாது. பாடி, உள்ளே ரத்தம் கசிந்துவிட்டால் குரல் திரும்புமா என்று அவரால் சொல்ல முடியாதாம்.

பத்தொன்பதாம் தேதி கச்சேரி. பாடப்போவது நான். இதை டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார். அவர் வாயால் அதைக் கேட்கப் பயம்.

பாலும் வாங்க மறந்துவிட்டேன்.

4 பிப்ரவரி, சனி

ஸ்டெல்லா வந்திருந்தாள். மகனை என் பாட்டு வகுப்பில் சேர்க்க வந்தவள், இப்போது எங்கள் பாட்டுப் பள்ளிக்கே செயலாளர். மாதாப்பூரில் ஆபீஸ், நடையில் எப்போதும் ஒரு ஓட்டம். ஹப்சிகுடாவில் நாங்கள் வகுப்பு நடத்தும் மாடியைக் கம்ப்யூட்டர் கோச்சிங்காரர்கள் கேட்கிறார்கள். மார்ச்சுக்குள் அட்வான்ஸ் கட்டாவிட்டால் காலி செய்ய வேண்டும். அதற்குத்தான் இந்தக் கச்சேரி.

"டீச்சர், உங்க பேரச் சொன்னாலே டிக்கெட் போகுது. எங்க ஆபீஸ்ல பாதி ஃப்ளோர் வருது!"

சிரித்து வைத்தேன். டீச்சருக்கே குரல் போய்விட்டது என்று தெரிந்தால் எந்தப் பெற்றோர் பிள்ளையை அனுப்புவார்கள்? பாடத் தெரியும் என்பதைத் தவிர என்னிடம் வேறு என்னதான் இருக்கிறது?

8 பிப்ரவரி, புதன்

ஒரு வழி. நான் எப்போதும் பாடுவது ஐந்து கட்டை ஸ்ருதி. அதை நாலு கட்டைக்கு இறக்கிவிட்டால்? அதே பாட்டுகள், ஆனால் எல்லாம் கொஞ்சம் கீழே. இவரும் மகள் அஸ்வினியும் கிளம்பிய பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பார்த்தேன். வலிக்கவில்லை. கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியுமா? நூறில் ஒருவருக்குத் தெரியலாம். அந்த ஒருவர் வராமல் இருக்க வேண்டும்.

12 பிப்ரவரி, ஞாயிறு

வெந்நீர், அதிமதுரம், மௌனம். "அம்மா, எந்துக்கு மாட்லாடட்லேது?" என்று அஸ்வினி தெலுங்கில் கேட்டாள். ஏன் பேசவில்லையாம். ஜலதோஷம் என்று சைகை காட்டினேன்.

18 பிப்ரவரி, சனி

தூக்கம் வரவில்லை. எழுதினால் வருமா பார்ப்போம்.

லாலாகுடா மண்டபத்தில் இன்று சாயங்காலம் ஒத்திகை. வயலின் தியாகுவுக்குப் பிரச்சினை இல்லை, கம்பியைத் தளர்த்தினால் போதும். மிருதங்கம் சாரங்கபாணி சார். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பேச்சில் உருது கலக்கும், பள்ளி ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு அவர்தான் வாசிக்கிறார். உறையைப் பிரித்து ஒரு தட்டுத் தட்டினார். எனக்கு உயிரே போய்விட்டது. ஐந்து கட்டைக்கென்றே கட்டிய மிருதங்கம்.

"சார், நாலு கட்டை மிருதங்கம் கொண்டு வரலையா?"

"கைக்கு டீச்சரம்மா, எதுக்கு? நீங்க என்னிக்கு நாலுல பாடினீங்க? அது தோல் மாத்தக் குடுத்திருக்கு."

"இதையே கொஞ்சம் இறக்கினா?"

"நக்கோ மா, வேணாம்! அவ்வளவு இறக்கினா டால்டா டப்பா மாதிரி கேக்கும்."

சும்மாதான் கேட்டேன் என்று சொல்லிவிட்டேன். நாளைக்கு முகூர்த்த நாள். ஊரில் இருக்கிற மிருதங்கமெல்லாம் கல்யாண வீட்டில் இருக்கும். இரவல் கேட்கவும் வழியில்லை.

ஒரு போன். ஒரே ஒரு போன் பண்ணியிருந்தா போதுமே! ஏன்னு கேப்பாரேன்னு பயந்து, பயந்து... வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தேன்?

19 பிப்ரவரி, ஞாயிறு காலை

இவரிடம் சொல்லிவிட்டேன். அருணாசலம் என்கிற மனிதர் செய்தித்தாளை மடித்து வைத்ததை இன்றுதான் பார்க்கிறேன்.

"ஏட்டி, இதையா இத்தன நாளா உள்ளுக்குள்ள வச்சிருந்த? போவாத சொல்லுதேன். பள்ளிக்கூடம் போனா இன்னொண்ணு. தொண்ட போனா?"

குளிக்கும்போது ஒன்று தோன்றியது. கச்சேரி முடிகிற நேரத்தில் பாடும் சின்னப் பாட்டுகள்: நாதநாமக்ரியை, புன்னாகவராளி, குறிஞ்சி ராகங்களில். மத்யம ஸ்ருதியில், அதாவது ‘ம’வையே ‘ஸ’வாக வைத்துப் பாடுகிறவை. ஸ்ருதிப் பெட்டியில் ஒரு திருகு திருப்பினால் போதும், மிருதங்கத்தை மாற்ற வேண்டாம். அந்த ராகங்களே உச்சிக்குப் போகாதவை. முழுக் கச்சேரியும் அவற்றையே பாடினால்?

யாரும் அப்படிப் பாடியதில்லை. இலையில் உட்கார்ந்ததும் மோர் சாதம் போடுகிற மாதிரி இருக்கும். சிரிப்பார்களோ?

20 பிப்ரவரி, திங்கள்

சிரிக்கவில்லை. எழுந்து போகத் தொடங்கினார்கள்.

புன்னாகவராளி எடுத்தபோதே முன்வரிசையில் ஒருவர் செருப்பைத் தேடினார். குறிஞ்சி வந்ததும் பின்னால் கார் சாவிகள் சத்தம். ஸ்டெல்லாவைக் குறை சொல்ல முடியாது. சின்னப் பாட்டுகள் வந்தால் சால்வைத் தட்டோடு தயாராக நில் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். பாட்டு முடிந்ததும் பளபளக்கிற தட்டோடு மேடை ஏறிவிட்டாள். "டீச்சர், அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா?" என்று காதில் கேட்டாள். சாரங்கபாணி சார் என்னை முறைத்தார். அப்போதுதான் அரை மணி நேரம் ஆகியிருந்தது.

மைக் எதிரிலேயே இருந்தது. என்ன பேசினேன் என்று சரியாக நினைவில்லை. தொண்டையில் முடிச்சு இருக்கிறது, மேலே பாடினால் குரல் போய்விடலாம், அதனால் இன்று மேலே போகாத பாட்டுகள் மட்டும், போகிறவர்கள் போகலாம் - இப்படி ஏதோ. எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். சாரங்கபாணி சார் என்னைப் பார்க்காமல் மிருதங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஹவ், சரி, அடுத்தது எடுங்கம்மா," என்றார்.

நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் போனார்கள். கடைசிவரை பாடினேன். ஒவ்வொரு வரிக்கும் பயம்.

இந்த வருஷத்துக்கு மாடி எங்களுக்குத்தான் என்று ஸ்டெல்லா இன்று போன் செய்தாள். மூன்று குழந்தைகள் வகுப்பிலிருந்து நின்றுவிட்டார்கள் என்றும் சொன்னாள்.

12 ஏப்ரல், புதன்

ஆபரேஷன் முடிந்தது. பேசக் கூடாது. எப்படி இருக்கும் என் குரல்? கேட்கவே பயமாக இருக்கிறது.

14 ஜூன், புதன்

புதுச் சேர்க்கை இன்று. என் குரலை இதற்கு முன் கேட்டிராத பொடிசுகள். ஸரளி வரிசை பாடிக் காட்டினேன். ஸ ரி க ம ப வரை சரி. அடுத்த தைவதத்தில் குரல் உடைந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அங்கே உடைகிறது. இனி சரியாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பிள்ளைகள் திருப்பிப் பாடினார்கள். தைவதத்தில் எல்லோரும் சேர்ந்து, அழகாக, உடைத்தார்கள்.

என் உடைசலையும் பாட்டு என்றே நினைத்துவிட்டார்கள். வெளியே உட்கார்ந்திருந்த அம்மா ஒருத்தி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அவசரமாக அஸ்வினியைக் கூப்பிட்டுப் பாடச் சொன்னேன். சுத்தமாகப் பாடினாள். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். "இப்ப நீங்க," என்றேன்.

மறுபடியும் என்னைப் போலவே பாடினார்கள்.

அஸ்வினிக்கு ஒரே கோபம். நான் சிரித்துவிட்டேன், அழுகையும் வந்தது. பிறகு பெட்டியில் ஸ்ருதியை என் குரல் உடையாத அளவுக்கு இறக்கி வைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தோம்.