கிருஷ்ணம்மாள் பேரில் ஒரு வீடு

ரெங்கம், ஜோகூர்
1932, ஆவணி 14

என் பத்தினி கிருஷ்ணம்மாளுக்குக் காளியப்பன் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது.

முருகன் அருளால் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். நீயும் உன் அம்மாவும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ராசிபுரம் பக்கம் மழை உண்டா? இங்கே மழைக்குப் பஞ்சமில்லை, வேலைக்குத்தான் பஞ்சம். ரப்பர் விலை விழுந்ததில் தோட்டத்தில் பாதி ஆளை நிறுத்திவிட்டார்கள். கங்காணி என்ற பேருக்கு நானும் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு மரங்களுக்கு நடுவே நடந்துவிட்டு வருகிறேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு கப்பல் சீட்டும் இருக்கும். ஆமாம், நீ சரியாகத்தான் பார்க்கிறாய். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பியவளை ஏழு வருஷமாக அழைத்துக்கொள்ளவில்லை என்று எத்தனை கடிதம் எழுதியிருப்பாய்! இப்போது நானே கூப்பிடுகிறேன். ஐப்பசி பிறந்ததும் நாகப்பட்டினத்தில் கப்பல். அதைத் தவறவிட்டால் அடுத்த கப்பல் உதவாது. ஏன் இந்த அவசரம் என்று கேட்பாய். சொல்கிறேன், படபடக்காமல் படி.

கடைத்தெருவுக்குப் பின்னால் நாம் மரத்தூண்கள்மேல் உயர்த்திக் கட்டி வாடகைக்கு விட்ட ஆறு அறைப் பலகை வீடு உனக்கு மறந்திருக்காது. அப்போது எனக்கு ஏழரைச் சனி. என் பேரில் சொத்து இருந்தால் விளங்காது, வீட்டுக்காரி பேரில் வை என்று ஜோசியர் சொன்னார். நில ஆபீசில் உன்னைக் கூட்டிப்போய் உன் பேரிலேயே பதிந்தேன். அங்கே எழுதுகிற கிராணி பேனாவை நீட்டியபோது நீ மூக்குத்தியைத் திருகிக்கொண்டே கையெழுத்துப் போட்டாய். சனி விலகியதும் என் பேருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன், சோம்பலில் விட்டுவிட்டேன். சோம்பலும் சில சமயம் மனிதனைக் காப்பாற்றும்.

சென்ற ஆனி மாதம் உன் வீட்டில் ஒரு விபத்து நடந்துவிட்டது. நாலாவது அறையில் செல்லப்பன் என்ற ரப்பர் பால் வெட்டுகிறவன் குடியிருந்தான். அவன் பெண்டாட்டி பாப்பாத்திக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு என்று அக்கம்பக்கத்துத் தோட்டத்துப் பெண்களை எல்லாம் அழைத்துவிட்டான். நாலு பேருக்கு விட்ட அறையில் இருபத்தைந்து பேர் ஏறி உட்கார்ந்தால் பலகை என்ன செய்யும்? கீழே தூண் இரண்டு முறிந்து தரை அப்படியே இறங்கிவிட்டது. வீட்டுக்கு அடியில் நிழலாக இருக்கிறதென்று ஆட்டுக்கல்லைப் போட்டு வைத்திருந்தார்கள். அது என் தப்பா? பாப்பாத்தி அதன்மேல் விழுந்தாள். மறுநாள் காலையில் போய்விட்டாள். வயிற்றில் இருந்ததும் போயிற்று. இன்னும் மூன்று பேருக்குக் கை கால் முறிவு.

உன்னிடம் மறைப்பானேன். தூண் செல்லரித்திருக்கிறது என்று செல்லப்பன் என்னிடம் இரண்டு மூன்று தரம் சொன்னான்தான். “மொதலாளி, தூணு மெத்துமெத்துன்னு இருக்கு, வெரல வச்சா உள்ள போவுது” என்றான். “புடிக்கலன்னா மூட்டைய கட்டு” என்றேன். வாடகைக்கு இருப்பவன் ஒன்றைச் சொன்னால் அதற்குள் ஒன்பது இருக்கும். பிறகு சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து தன் பிரம்பால் தூணைக் குத்திப் பார்த்தார். பிரம்பு உள்ளே போய்விட்டது. தூணை மாற்றச் சொல்லி ஒரு நோட்டீஸ் வந்தது. நான் மாற்றவில்லை. தார் வாங்கி இரண்டு கை நன்றாகப் பூசிவிட்டேன். பார்வைக்குப் புதுத் தூண் மாதிரியே இருந்தது. நோட்டீஸில் உரிமையாளர் என்று உன் பேர்தான் இருந்தது என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

குளுவாங் கோர்ட்டு வாசலில் மனு எழுதும் ருக்னுதீன் ராவுத்தரிடம் போனேன். வெற்றிலை போடுகிற வாயாக இருந்தாலும் சட்டம் தெரிந்த வாய். முதலில் அவர் சொன்னது, “சாவு வீட்டுப் பக்கம் தலவச்சுப் படுக்காதீங்க காளியப்பன். கோடிச்சேல போட்டீங்கன்னா நீங்களே தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்லா” என்பது. அதனால் நான் போகவில்லை. தெரு முழுக்கப் பாப்பாத்தியின் பாடைக்குப் பின்னால் போனபோது நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊர் என்னைத் திட்டுகிறது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, திட்டட்டும்.

பதினாறாம் நாள் முடிந்ததும் செல்லப்பன் வாசலுக்கு வந்தான். பணத்துக்குத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். “காசு வேணாம் மொதலாளி. வந்து ஒரு வார்த்த துக்கம் கேளுங்க, போதும்” என்றான். அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கொண்டுபோய்க் கூண்டில் நிறுத்தும் என்று அந்த மடையனுக்கு எப்படிப் புரியவைப்பது? நான் கதவைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து தினம் காலையில் எதிர்ப்பக்கம் வந்து நின்றுவிட்டுப் போகிறான். திட்டுவதும் இல்லை, கல் எறிவதும் இல்லை. எறிந்தாலாவது போலீசில் சொல்லலாம்.

வழக்கு ஐப்பசிக் கடைசியில் வருகிறது. ராவுத்தர் சட்டத்தைப் பிட்டுப் பிட்டு வைத்தார். பத்திரத்தில் பேர் உள்ளவர் கோர்ட்டில் வந்து நின்று பொறுப்பேற்றால் வழக்கு அவரோடு முடியும். வராவிட்டால் வாடகை வாங்கியவனைப் பிடிப்பார்கள். வாடகை வாங்கியவன் நான். ஜோசியர் சொன்னது பொய்யில்லை பார். கண்டம் வந்தது, ஆனால் என்மேல் விழ வழியில்லாமல் நிற்கிறது.

நீ செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. மாஜிஸ்திரேட் துரை கேட்டால், “வீடு என்னுடையது. தூணை மாற்ற வேண்டாம் என்று நான்தான் என் வீட்டுக்காரருக்கு எழுதினேன்” என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பொய் சொல்லச் சொல்கிறேனே என்று நினைக்காதே. போன தீபாவளிக்கு நீ எழுதிய கடிதத்தில், “வீட்டுக்கென்று வீண் செலவு செய்யாதீர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று உன் கைப்படவே எழுதியிருக்கிறாய். நான் இளைத்துப் போயிருப்பேன் என்ற கவலையில் எழுதினாய், அது எனக்குத் தெரியும். ராவுத்தர் அதைப் படித்துவிட்டு, இதைவிட நல்ல சாட்சி வேண்டாம் என்றார். கடிதம் இப்போது அவரிடம் பத்திரமாக இருக்கிறது. நீ வந்தாலும் வராவிட்டாலும் அது கோர்ட்டுக்குப் போகும். வராவிட்டால் பயந்து ஒளிந்தவள் என்று பேராகும். வந்தால் நல்லவள் என்றாவது பேர் இருக்கும்.

தண்டனை என்று பார்த்தால் ஆணுக்கு ஒரு வருஷம், பெண்பிள்ளை என்று துரை மனம் இரங்கினால் ஆறு மாதம். ஏழு வருஷம் காத்திருந்தவளுக்கு ஆறு மாதம் ஒரு பெரிதா? உள்ளே மூன்று வேளையும் சோறு உண்டாம். இங்கே வெளியில் இருக்கிற எத்தனையோ பேருக்கு அது இல்லை.

நானே ஜெயிலுக்குப் போனால் என்ன என்று உன் அண்ணன் தங்கராஜு கேட்பான். அவனிடம் சொல், நான் உள்ளே போனால் கங்காணி வேலை போய்விடும், உனக்கு மாதாமாதம் வருகிற மணியார்டரும் நின்றுவிடும். இன்னொன்றும் இருக்கிறது, யாரோ சொல்லித் தெரிவதைவிட நானே எழுதிவிடுகிறேன். நாலு வருஷமாகத் தனலெட்சுமி என்று ஒருத்தி எனக்குச் சமைத்துப் போடுகிறாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், சின்னது இப்போதுதான் நடக்கிறது. யார் பிள்ளைகள் என்று கேட்டுக் கடிதம் எழுதாதே. எனக்கு ஒன்று ஆகிவிட்டால் அதுகள் தெருவில் நிற்கும். உன் மகளுக்காவது உன் அம்மா இருக்கிறாள்.

அதனால்தான் சொல்கிறேன், மகளை அழைத்து வராதே. உன் அம்மாவிடம் விட்டு வா. அவளுக்கு இப்போது ஆறா, ஏழா? அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று அழுதால், அடுத்த தரம் என்று சொல்.

உன்னை அழைத்துவர ராவுத்தருடைய ஆள் ஒருவர் சிங்கப்பூர் துறைமுகத்துக்கு வருவார். நான் வருவது சரியில்லை என்கிறார்கள், இருவரும் பேசி வைத்துக்கொண்டோம் என்று ஆகிவிடுமாம். தீர்ப்பு வரையில் ராவுத்தர் வீட்டிலேயே தங்கிக்கொள். அவர் மனைவி மஹ்மூதா நல்ல மாதிரி. பட்டுச்சேலை எதுவும் வேண்டாம், சாயம் போன நூல்சேலையாக நாலு எடுத்துக்கொள், துரை கண்ணுக்கு எளிமையாக இருக்க வேண்டும். கோர்ட்டில் என்னைப் பார்த்து அழாதே. நிமிர்ந்து நின்று, சொல்ல வேண்டியதைத் தடுமாறாமல் சொல். கப்பலில் இருக்கும் எட்டு நாளும் அந்த ஒரு வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வா.

கிருஷ்ணம்மா, உன்னைக் கைபிடித்த நாளிலிருந்து நான் உன்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. இந்த ஒன்றுக்கு மட்டும் மாட்டேன் என்று சொல்லிவிடாதே. புறப்படும் அன்று கோயிலுக்குப் போய், நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு கிளம்பு. நீ தீர்க்க சுமங்கலியாக இருக்க வேண்டும் என்று நான் இங்கே தினமும் இருவேளை சாமி கும்பிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் கணவன்
காளியப்பன்