டான்ஸியின் பெட்டிக்குள் கிளிஃபோர்டின் ஸ்வெட்டர்

அன்புள்ள எட்னாவுக்கு,

உன் இருமல் நின்றதா? அத்தை சுகமா? ஸ்காட்லாந்து குளிரில், இந்த அணைக்கட்டு வேலையில் நான் நன்றாகவே இருக்கிறேன். வலது பாதத்தில் மட்டும் ஒரு கொப்புளம், பயப்படாதே. கீரிப்பிள்ளை மாதிரி இருக்கும் நம் ஃபெரெட் குட்டி டான்ஸியைப் பற்றி நீ எழுதியதைச் சாப்பாட்டு வேளையில் படித்துக் காட்டினேன். என்னோடு கான்கிரீட் கலக்கும் ஈனாக் சிரித்தான்.

"அடேய் வில்ஃப், அது ஆறே மாசத்துல பெரிய மனுஷியாயிடும்டா! நீ ஊருக்குப் போறப்ப, யாரிந்தத் திருடன்னு மூக்கைக் கவ்வப் போகுது!"

கோபத்தில் எழுந்தேன், சூடான தேநீர் காலில் கொட்டிவிட்டது. அவ்வளவுதான்.

நான் கிளம்பியபோது டான்ஸி என் கோட்டுப் பைக்குள் அடங்கும் அளவுதான் இருந்தது. இப்போது முயல் வளைக்குள் போய்வருகிறதாம். பக்கத்து வீட்டு கிளிஃபோர்ட் சீட்டியடித்தால் ஓடி வருகிறதாம். அதற்கு ஆயுளே ஏழெட்டு வருஷம். எனக்கு இங்கே இரண்டு வருஷ வேலை. அதன் வாழ்வில் கால்வாசியை அவன் அனுபவிக்கிறான்.

அவன் ஸ்வெட்டருக்குள்தான் தூங்குகிறது என்று வேறு எழுதியிருக்கிறாய். யார் வாசனையில் தூங்குகிறதோ அவரோடுதான் அது ஒட்டிக்கொள்ளும், உனக்குத் தெரியாததா? அந்த ஸ்வெட்டர் நம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடு.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. தபால் வண்டி வந்துவிட்டது. இதோடு வரும் பார்சலில் நான் போட்டுக் கழற்றிய சட்டைகள் இரண்டு இருக்கின்றன. துவைத்துவிடாதே.

ஒன்றுதான் டான்ஸிக்கு.

உன்
வில்ஃப்