பாட்டு முடியட்டும்

அம்மா,

இன்று பள்ளி விட்டு வந்ததும் உன் ரேடியோவைத் துடைத்தேன். கேசட் போடும் சின்னக் கதவைத் திறந்தபோது உன் வாசம் வந்தது. காய்ந்த மிளகாய், தாளித்த எண்ணெய், அவற்றுக்கு அடியில் கையுறைத் தொழிற்சாலையின் வெள்ளைத் தூள். வேலை முடிந்து வந்து, முகம் கழுவுவதற்கும் முன்னால் நீ தொடுவது இந்தப் பொத்தானைத்தான். அதனால் அந்தத் தூள் இடுக்குகளில் எல்லாம் படிந்து கிடக்கிறது. வெளியே மட்டும் துடைத்துவிட்டு, உள்ளே துடைக்காமல் மூடிவிட்டேன்.

ரேடியோ இனிப் பாடாது. போன வாரம் பாட்டு இழுத்து இழுத்து நின்றுவிட்டது. உள்ளே சுற்றும் ரப்பர் வார் இற்றுப்போய்விட்டது, ஈப்போ முழுக்கத் தேடினாலும் இப்போது கிடைக்காது என்று அப்பா சொன்னார். நீ கண் மூடிய பிறகு தினமும் மாலையில் நான் அதைப் போட்டு வைத்தேன். அது பாடும்போது நீ இல்லாதது கொஞ்சம் குறைவாகத் தெரியும்.

நம் வீட்டில் பாட்டுக் கேட்க இரண்டு இடங்கள் இருந்தன. அடுப்படியில் உன் ரேடியோ. கூடத்தில் அப்பாவின் ஸ்டீரியோ செட். வயரிங் வேலைக்குப் போய்ச் சம்பாதித்ததில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தது. என் தோள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள், எதிரே அப்பாவின் நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை அப்பா போடும் பாட்டு எதுவும் ஒரு நிமிடத்தைத் தாண்டாது. "கேட்டியா, அந்த மணி சத்தம்? வலது பக்கம் ஓரத்துல!" என்பார். உடனே அடுத்தது. "இந்தத் தபேலாவக் கேளு." மறுபடி அடுத்தது.

நீ அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாய். "ஏங்க, உங்க பாட்டுக்கெல்லாம் தலை மட்டும்தான் இருக்கு. உடம்ப யாரு தின்னுட்டா?"

"உன் கேசட்டுல இருக்கறது பாட்டா மழையா, மொதல்ல அதச் சொல்லு."

"ரெண்டும்தான்லா."

"அது ரோசாக் ஆகிக் கெட்டுப்போன கேசட்டு. தூக்கிப் போடு."

"பாட்டு முடியட்டும், போடுறேன்."

பாட்டு முடியும். நீ கேசட்டை மறுபடி தொடக்கத்துக்கு ஓட்டுவாய்.

அந்த மழை எங்கே பெய்தது என்று நீ எனக்குச் சொன்னது ஒரு மத்தியானம், இருவரும் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தபோது. சுங்காய் பக்கம் நீ பிறந்த செம்பனைத் தோட்டம். மாரியம்மன் கோயில் திருவிழா. தகரக் கூரை போட்ட மண்டபம். பாடியவர் தெலுக் இந்தானிலிருந்து வந்த ஒரு தையல்கார அக்கா. அன்று செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை இருந்ததால் இருந்து கேட்க முடியாத மாமா, உன் அண்ணன், தன் ரெக்கார்டரை உன் மடியில் வைத்து, "அசையாம ஒக்காரு, ஒரு பாட்டு விடக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அப்போது உனக்கு என் வயதுகூட இல்லை. கடைசிப் பாட்டின் பாதியில் கரண்ட் போனது. மைக் நின்றது, கீபோர்ட் நின்றது, விளக்குகள் அணைந்தன.

"அந்த அக்கா நிறுத்தலடி," என்றாய், கிள்ளாத நெத்திலி ஒன்றைக் கையில் பிடித்தபடியே. "இருட்டுல மேடை ஓரத்துக்கு வந்து நின்னு பாடுனாங்க. மழை தகரத்துல அந்தப் போடு போடுது. ஒரு எடத்துலயும் அவங்க கத்தல. நாங்கதான் மூச்ச அடக்கிக்கிட்டுக் கேட்டோம்."

ரெக்கார்டர் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. மடியிலேயே இருந்தால் மாமாவுக்குப் பாட்டுக் கேட்காதே என்று நீ அதை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாய். முடியும்வரை இறக்கவில்லை. "கை அப்படியே கடுத்துப் போச்சு. மறுநாள் ஜடை பின்ன முடியல" என்று சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்தி, "அந்த மாதிரிப் பாட்ட அதுக்கப்புறம் நான் கேக்கவே இல்ல" என்றாய்.

கேசட்டில் அந்த இடம்தான் மிக மோசமாகக் கேட்கும். குரல் எங்கோ கிணற்றுக்குள் போய்விடும், முன்னால் மழை மட்டும் நிற்கும். அந்த இடம் வந்ததும் நீ தண்ணீர்க் குழாயை மூடுவாய். கரண்டியைக் கீழே வைப்பாய்.

நீ போன பிறகு அப்பா தன் செட்டின்மேல் உன் பூப்போட்ட பாத்தேக் கைலியைப் போட்டு மூடிவிட்டார். "கேலி பண்ண ஆளில்லாம எதுக்குப் பாட்டு" என்று ஒரு தடவை சொன்னார். ஆனால் உன் ரேடியோ நின்றுபோன பிறகு, கேசட் ஓடக்கூடிய இடம் வீட்டில் அப்பாவின் செட் ஒன்றுதான். அப்பாவிடம் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. பாதியில் நிறுத்தி, "பாரு, நான் சொன்னேன்ல" என்று அவர் எடுத்துக் கொடுத்துவிட்டால், அப்புறம் அந்தப் பாட்டு இந்த வீட்டில் முடியவே முடியாது.

நேற்று ஞாயிறு. கேசட்டை நீட்டினேன். அப்பா அதை வாங்கி இருபுறமும் திருப்பிப் பார்த்தார். பிறகு கைலியை மடித்து நாற்காலியின் கைப்பிடியில் போட்டார். பஞ்சால் மெஷினின் உட்புறத்தைத் துடைத்தார். போட்டார்.

அம்மா, அந்தப் பெரிய ஸ்பீக்கர்கள் எதையும் மறைக்கவில்லை. கூடம் முழுக்க மழை. ஒருவர் இருமினார், ஒரு குழந்தை அழுதது, யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அப்பாவின் முகம், வேறு யாரோ செய்த மோசமான வயரிங்கைப் பார்ப்பதுபோல் சுருங்கியது. கை செட்டின் ஒரு குமிழை நோக்கிப் போய்த் திரும்பி வந்தது. பாட்டு பாதிக்கு வந்தது. மைக் நின்றது. அப்பாவின் விரல் நிறுத்தும் பொத்தானுக்குப் போய்விட்டது.

"பாட்டு முடியட்டும்பா" என்றேன்.

யாருடைய வார்த்தை அது என்று இருவருக்கும் தெரியும். அப்பா கையை எடுத்துவிட்டார்.

மழைக்குள் அந்தக் குரல் சின்னதாகப் போய்க்கொண்டிருந்தது. அப்பா திடீரென்று முன்னால் குனிந்தார்.

"இரு. இங்க குரல் கொஞ்சம் கிட்ட வருது. யாரோ ரெக்கார்டரத் தூக்கியிருக்காங்க."

"அம்மாதான்பா."

அவருக்குத் தெரியாது. ஒருமுறைகூட நீ அவரிடம் சொல்லவில்லை. அவரும் ஒருமுறைகூட அந்த இடம்வரை கேட்டதில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மெல்லிய குரலில் சொன்னேன்: மாமா, மடி, இருட்டு, உன் கை. அப்பா எந்தக் குமிழையும் தொடவில்லை. கடைசி வரிக்கு முன்னால் அந்த அக்கா ஒரு மூச்சு எடுக்கிறார். அந்த இருட்டிலும் மழையிலும் எந்த அவசரமும் இல்லாத மூச்சு. பிறகு பாடி முடித்தார். யாரும் கைதட்டவில்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. கேசட் ஓடி முடிந்து பொத்தான் தானாக மேலே எழும்வரை அப்பா அசையவில்லை.

"சமையக்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவுல ஒரு செவருதான், ஒருநாளும் முழுசாக் கேக்கலயே" என்றார். பிறகு, "திருப்பி ஓட்டும்மா. மொதல்லேர்ந்து" என்றார்.

நான் தரையில் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். இரண்டாவது முறை கரண்ட் போன இடம் வந்தபோது, என் இரண்டு கைகளும் மடியிலிருந்து தாமாகக் கொஞ்சம் எழுந்தன. அப்பா பார்த்தார். கேலி பண்ணவில்லை.

பாட்டு முடியும்வரை நான் கையை இறக்கவில்லை, அம்மா.