தலைமைக் கோச்சின் நட்சத்திரம்

கிங்ஸ்பரி, லண்டன்
புதன்கிழமை, 10 டிசம்பர்

அன்புள்ள மகன் யனுஷனுக்கு அப்பா எழுதுவது,

அம்மாவும் தங்கச்சி ஜதுர்ஷிகாவும் நானும் கடவுள் துணையால் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் உன் சுகத்தைக் கெடுக்கும் ஒரு காரியத்தை நேற்று நானே செய்துவிட்டேன். அதைச் சொல்ல இரண்டு தரம் உனக்கு ரெலிபோன் எடுத்தேன், இரண்டு தரமும் அங்கே பனி கொட்டுகிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். ஆகவேதான் எழுதி, படம் எடுத்து, வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். உன்னைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது இன்றைக்காவது உதவட்டும், மெதுவாக வாசி, ஆனால் கடைசி வரை வாசி.

அம்மாவுக்கு முழங்கால் நோ குறைவு. தங்கச்சிக்கு இந்தக் கிழமை முழுக்கக் காலை ஷிப்ட். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை, இருந்தால் எழும்புகிறேன், எழும்பினால் எதற்கு எழும்பினேன் என்று தெரியவில்லை. ஆட்டங்கள் தோற்றதற்காக உங்கள் கல்லூரி அமெரிக்கன் புட்போல் அணியின் தலைமைக் கோச் வால்ட்டரை நீக்கினார்கள் சரி, அவரோடு சேர்த்து உன்னோடு உதவிக் கோச்சுகள் ஒன்பது பேரையும் வீட்டுக்கு அனுப்புவது என்ன வழக்கம்? முப்பத்தொரு வருடமாக ஒரே கராஜில் பஸ் ஓட்டுகிறேன், எத்தனையோ மனேஜர்கள் வந்து போனார்கள், அவர்களோடு ஒரு டிரைவரும் போனதில்லை. உனக்கு ஏழு வருடத்தில் இது நாலாவது கல்லூரி. ஒவ்வொரு தரமும் காருக்குள் கட்டிலையும் பானையையும் ஏற்றிக்கொண்டு இன்னொரு மாநிலம். இங்கே கேட்கிறவர்களுக்கு மகன் அமெரிக்காவில் கல்லூரியில் வேலை என்று மட்டும் சொல்வேன், அவர்கள் விரிவுரையாளர் என்று நினைத்தால் நான் திருத்தியதில்லை. அதுவும் என் பிழைதான்.

உனக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது, சிரிக்காதே. நீ வால்ட்டரிடம் சேர்ந்த நாளிலிருந்து ஆட்டம் நடக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் வெம்பிளிக் கோயிலில் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். தலை நின்றால் உதவிகள் எல்லோரும் நிற்பீர்கள், சொந்த மகனுக்கு மட்டும் கேட்பது சுயநலம் என்பது என் கணக்கு. ஐயர் நட்சத்திரம் கேட்டார். இணையத்தில் அவர் பிறந்த தேதியைத் தேடி எடுத்து, பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்து ஆயிலியம் என்று சொன்னேன். பிறந்த நேரம் கிடைக்கவில்லை. ஐயர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, வால்ட்டர் என்று திருத்தமாகச் சொல்லிப் பூப் போட்டார். இந்த முறை பன்னிரண்டு ஆட்டத்தில் ஒன்பது தோற்றபோது, நேரம் தெரியாமல் பக்கத்து நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டேனோ என்று எனக்குள் ஒரே அரிப்பு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரி தந்த கைபேசியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்ததால், இந்தப் புது நம்பர் எடுக்க முன் அனுப்பிய வேலை விண்ணப்பங்களில் எங்கள் வீட்டு நம்பரைப் போட்டதாகச் சொன்னாய் அல்லவா. நேற்று நான் ஷிப்ட் முடித்து வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை, ரெலிபோன் அடித்தது. ஹென்ட்ரிக்ஸ் என்றார், நீ கடைசியாக விண்ணப்பித்த கல்லூரியின் தலைமைக் கோச். பந்தை உதைக்கிற பிள்ளைகளைப் பழக்க உன்னைத்தான் எடுக்க விருப்பமாம், வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். என்னை இரண்டு தரம் மரியாதையாக "சேர்" என்று கூப்பிட்டார். நானோ, மகன் லண்டனுக்கே திரும்பி வருகிறார், இனி இந்த வேலைக்கு வரமாட்டார் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. ஜெர்மனியிலிருந்து வந்து இங்கே கடை போட்ட ஸ்ரீதரன் சித்தப்பா முதல் நாள்தான், "அண்ணை, அவனை இஞ்சை வரச் சொல்லுங்கோ, புதுக் கடையை அவன் பாக்கட்டும், எத்தினை நாளைக்கு ஊர் ஊரா அலையிறது" என்று சொல்லிவிட்டுப் போனார். நீ பக்கத்துத் தெருவில் இருப்பாய், அம்மா சோறு கொடுத்து விடுவார் என்று ஆசை பிடித்துவிட்டது. ஹென்ட்ரிக்ஸ், உங்கள் மகன் நல்ல ஆள் என்று கேள்விப்பட்டேன் என்று சொல்லி ரெலிபோனை வைத்தார்.

நேற்றுப் பின்னேரம் தங்கச்சி உங்கள் கடைசி ஆட்டத்தை ரீவியில் போட்டாள். முடிவில் நீ பழக்கிய பிள்ளை உதைத்த பந்து கோல் கம்பத்துக்கு வெளியே போய், ஒரு புள்ளியால் தோற்றீர்கள். எல்லோரும் அவனை விட்டு விலகிப் போனார்கள். நீ ஒருவன்தான் கிட்டப் போய், அவன் ஹெல்மெட்டில் உன் நெற்றியை வைத்து ஏதோ சொல்லி, அவனோடு கூடவே நடந்து போனாய். அந்த உதையோடு உன் வேலையும் போகிறது என்று உனக்குத் தெரிந்திருக்கும். அம்மா, "தன்ர வேலை போகேக்கையும் பெடியனைத்தான் பாக்கிறான்" என்றார். நான் குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இதுதான் நீ செய்கிற வேலை என்று எனக்கு ஏழு வருடமாகத் தெரியாது, மகன்.

இன்று அந்த நம்பருக்குத் திருப்பி எடுத்தேன். அவர் புதிய ஆட்டக்காரர்களைத் தேடிப் பயணம் போயிருக்கிறாராம். நான் சொன்னது பொய், மகனுக்கு அது தெரியாது என்று அவர் கந்தோரில் ரெலிபோனை எடுத்த பெண்ணிடம் சொன்னேன், எழுதிக்கொண்டார், அவரிடம் போய்ச் சேர்ந்ததோ தெரியாது. ஆகவே நீயே எடு, நம்பரைக் கடிதத்தின் பின்பக்கத்தில் பெரிதாக எழுதி, அதையும் படம் எடுத்திருக்கிறேன். எல்லாப் பழியையும் என்மேல் போடு. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை, நீ பேசிய பிறகு நானே சொல்வேன். வேலை கிடைக்காமல் போனால் என்னோடு எவ்வளவு நாள் வேண்டுமானாலும் கோபமாக இரு, ஆனால் நேரத்துக்குச் சாப்பிடு, பனியில் காரை மெதுவாக ஓட்டு.

முருகன் உன் பக்கம் நிற்கட்டும், எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு.

இப்படிக்கு,
உன் அப்பா
ஸ்ரீஸ்கந்தராஜா

மறக்காதே: வேலை சரிவந்தால் ஹென்ட்ரிக்ஸ் பிறந்த தேதியையும் ஊரையும் நேரத்தையும் கேட்டு அனுப்பு, வால்ட்டருக்கு விட்ட பிழையை இவருக்கும் விடக்கூடாது. சரிவராவிட்டாலும் சனிக்கிழமை கோயிலுக்குப் போவேன். இந்த முறை உன் பெயரைத்தான் சொல்லப் போகிறேன். உன் நட்சத்திரத்தை நான் எங்கேயும் தேட வேண்டியதில்லை.