கிளி போட்ட குஷன் உறை

எங்கூட்டுக்காரருக்கு,

நம்ம சோபாவுக்கு நான் கிளி போட்டுத் தச்ச குஷன் உறைகளை அன்னூர் பஸ்ஸுல தொலைச்சுப்போட்டேன்னு சொன்னீங்களே, அதெல்லாம் மதுக்கரையில பத்திரமா இருக்குதுங்க.

நான் தச்சுக் குடுக்கற காந்திபுரம் துணிக்கடைக்கு ஒரு அம்மணி வந்து, ஒரு உறையைக் காட்டி, இதே மாதிரி இன்னும் ரெண்டு வேணும்னாளாம். தையலைப் பார்த்ததுமே என்ற கைவேலைன்னு தெரிஞ்சு, கடைக்காரரு என்னைய அவ ஊட்டுக்கே அனுப்பிச்சாரு.

போனேன். வாசல்ல உங்க செருப்பு. உள்ள சோபா பூரா என்ற கிளிக. அழகாத்தான் அடுக்கியிருக்கறா, குத்தஞ் சொல்ல முடியாது. "எங்கூட்டுக்காரரு ஆசையா வாங்கியாந்ததுங்கக்கா"ன்னு காப்பி குடுத்தா. குடிச்சுப்போட்டு வந்துட்டேன்.

அவ கேட்ட ரெண்டு உறையும் இந்தப் பொட்டலத்துல இருக்குது. அதோட உங்க தலகாணியும் இருக்குதுங்க.

இப்படிக்கு,
உறை தச்சவ