செத்தவள் சிரிப்பு

ஐதராபாத்,
12.6.2024

அன்புள்ள காசியக்கா,

படப்பிடிப்புத் தளத்து வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், கதை வெளியே கசிந்துவிடுமாம். அதனால்தான் கடிதம்.

கரும்பு வெட்டிக்கொண்டிருந்த உங்களைக் கோமுகி அணையில் வேற்றுக்கிரகத்துப் பெண்ணாக இறக்கி ‘வானத்தவள்’ எடுத்தேன். அது என் படம். இரண்டாம் பாகத்தில் முதலாளி தீனதயாளன் ஒரு நாயகனையும் நாலு துப்பாக்கியையும் நுழைத்தார். உங்கள் குரலை எடுத்துவிட்டு வேறு யாரையோ பேச வைத்தார். மூன்றாவதில் அந்த வேலை நடக்காது. கல்வராயன் மலையில் வானத்தவள் சாகிறாள், கதை முடிகிறது. அவள் செத்துவிட்டால் நான்காம் பாகம் என்று எவனும் வாயைத் திறக்க முடியாது. முடிவை மாற்ற மாட்டேன் என்று முதலாளியே சொல்லிவிட்டார்.

மலையை இங்கேயே செட் போட்டிருக்கிறார்கள். கடுக்காய் மரம்கூட பிளாஸ்டிக். சிரிக்காமல் வந்து நடித்துக் கொடுங்கள்.

உங்கள் தம்பி,
சிவசங்கர்

கச்சிராயபாளையம்,
20.6.2024

அன்புத் தம்பிக்கு,

நலம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? பிணமாகப் படுக்க வேண்டும் என்கிறீர்கள், உயிரோடு இருக்கிறவளுக்கு அது தோஷம் இல்லையா? வீட்டுக்காரர், “நல்லா கீற பொம்பளைய இன்னாத்துக்குப் பொணமா படுக்க வெக்கிறாங்க?” என்று சோறு தின்னாமல் உட்கார்ந்திருக்கிறார்.

பிணமாக நடித்தவர்கள் கட் சொன்னதும் காமிராவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டால் தோஷம் கழிந்துவிடும் என்று மேக்கப் போடும் நிர்மலா சொன்னாள். அதற்கு விடுவீர்கள் என்றால் வருகிறேன். போன படத்தில் என் வாயிலிருந்து எவளோ பேசினாள். அது இன்னும் ஆறவில்லை. முதலாளியை நம்பி வரவில்லை தம்பி, உங்களை நம்பி வருகிறேன்.

அக்கா,
காசியம்மாள்

சென்னை,
3.3.2025

அன்புள்ள அக்கா,

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். படம் பார்த்திருப்பீர்கள். நானும் தியேட்டரில்தான் பார்த்தேன், எடிட்டிங் அறைக்குள் என்னை விடவே இல்லை. பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்த பிறகு பிணம் எழுந்து சிரிக்கிறது. நான்காம் பாகம் வருகிறதாம்! தோஷம் கழிய நீங்கள் சிரித்த சிரிப்பு அது. பாவிகள். அன்று அது அவ்வளவு அழகாக இருந்தது, கட் சொல்ல எனக்கு மனமே வரவில்லை. அதைப் போய்த் திருடிக்கொண்டார்கள்.

நான் விலகிவிட்டேன். இனி உங்களைத் தேடித்தான் வருவார்கள். முடியாது என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் இல்லாமல் அவர்களுக்குப் படம் இல்லை. இதிலாவது நாம் ஜெயிக்க வேண்டும்.

உங்கள் தம்பி,
சிவசங்கர்

கச்சிராயபாளையம்,
15.3.2025

டைரக்டர் சாருக்கு,

படத்தைக் கள்ளக்குறிச்சியில் பார்த்தோம். நான் சிரித்ததும் பிள்ளைகள் அலறின. இப்போது கரும்புக் கொல்லையில் என் பக்கத்தில் நின்று வெட்ட ஆள் வருவதில்லை. “கழிச்ச தோஷத்த திருப்பி வூட்டுக்கே இட்டாந்துட்டாங்களே” என்று வீட்டுக்காரர் அழுதார்.

அன்று “எழுந்திருங்கக்கா” என்றீர்கள். கட் சொல்லிவிட்டுத்தான் எழுப்புகிறீர்கள் என்று நினைத்துச் சிரித்தேன். முதலாளி திருடினார் என்கிறீர்கள். திருடுவதற்கு அதை அங்கே எடுத்து வைத்தது யார்? நான் பயந்து சிரித்தேன், உங்களுக்கு அது அழகாக இருந்திருக்கிறது.

அவர்கள் வந்தார்கள். என் குரலில்தான் பேசுவேன், பிணமாகப் படுக்க மாட்டேன் என்றேன். பத்திரத்தில் எழுதிக் கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டேன். சொன்ன சொல்லை அவர்கள் மீறினால் மீறட்டும். அவர்களை நான் தம்பி என்று கூப்பிடவில்லை.

காசியம்மாள்