வெள்ளிக்கிழமை அவள் வராத காரணம்

1984

மார்ச் 11, ஞாயிறு

மழையில் ஆட்டம் ரத்து. ஏழு பெண்களும் லாரியின் தார்ப்பாய்க்கு அடியில் ஒண்டிக்கொண்டு, நனைந்த கோழிகளாக வந்து இறங்கினார்கள். சட்டைமேல் மாட்டும் எழுத்துத் துணிகளான பிப்புகளைத் துவைத்துக் கொடியில் போட்டாயிற்று. ஒன்றில் எழுத்து கிழிந்து தொங்குகிறது, தைக்க வேண்டும்.

தோட்ட விளையாட்டு மன்றத்தின் மகளிர் பிரிவுப் பொறுப்பாளர் என்று எனக்கு ஒரு பட்டம் உண்டு. தோட்டப் பள்ளி ஆசிரியை, போதாததற்குக் கணக்கெழுதும் ஆபீஸ் கிராணியின் மனைவி. வேறு யார் தலையில் கட்டுவார்கள்? பட்டத்துக்குரிய வேலை பிப் தைப்பது, தண்ணீரில் உப்பும் சீனியும் கலக்குவது, வெளியூர் ஆட்டத்துக்குப் பெண்களோடு போய் வருவது. மற்றதெல்லாம் கோச் கணேசமூர்த்தி பார்த்துக்கொள்வார். அவர் தோட்டத்து லாரி ஓட்டுநர். இரண்டு வருடமாகத் தோட்டங்களுக்கான வலைப்பந்துச் சுழற்கிண்ணம் எங்களுக்கே. அதனால் அவர் வைத்ததுதான் சட்டம்.

மார்ச் 14, புதன்

பள்ளி விட்டதும் நீலாவதி வந்தாள். வயது பத்தொன்பது, அம்மா முத்தாயியோடு ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறாள். எங்கள் டீம் எடுக்கும் கோல்களில் பாதிக்கு மேல் இவள் கைதான். முதலாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

பிறகு சொன்னாள். பயிற்சி முடிந்ததும் பந்துகளை ஸ்டோரில் வைக்கச் சொல்லி இவளை மட்டும் நிறுத்துவாராம். சுளுக்குக்குத் தைலம் தேய்க்கிறேன் என்று தொடங்கியது. சுளுக்கு கணுக்காலில். அவர் கை அங்கே நிற்கவில்லை. மூன்று முறை. மூன்றாம் முறை கதவைச் சாத்தியிருக்கிறார். வெளியே சொன்னால் டீமில் இடமில்லை என்றும் சொல்லியிருக்கிறார்.

"சத்தம் போட்டிருக்கணும் டீச்சர். எனக்கு வாயே வரல."

எழுதிக் கொடு என்றேன். பயிற்சிப் புத்தகத் தாளில் அரைப் பக்கம் எழுதினாள். நான் எழுதப் பழக்கிய அதே உருண்டைக் கையெழுத்து.

இரண்டு வருடத்தில் ஒரு நாளாவது நான் அந்த ஸ்டோர் பக்கம் எட்டிப் பார்த்தேனா? இல்லை. விசில் ஊதியதும் சோறு வைக்க வீட்டுக்கு ஓடிவிடுவேன்.

மார்ச் 15

கடிதத்தை மன்றச் செயலாளரிடம் கொடுத்தேன். செயலாளர் என்றால் இவர்தான், என் வீட்டுக்காரர் சீவரத்தினம். இரண்டு முறை படித்துவிட்டு, மேலே தேதி போட்டு, 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். இவருக்குத் தாளில் தேதி இருந்தால் உலகம் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம்.

"கமிட்டி பார்க்கும். நீர் யோசியாதையும்" என்றார்.

மார்ச் 18, ஞாயிறு

கமிட்டி கூடியது. ஒன்பது ஆண்கள், நான். கணேசமூர்த்தியைக் கேட்டார்கள். "என் தங்கச்சி மாதிரிங்க" என்றார். ஒருவர் போலீஸ் என்று வாயெடுத்தார், மற்ற எட்டுத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின, வாயை மூடிக்கொண்டார்.

தலைவர் சன்னாசிதான் முடிவு சொன்னார். ஆட்களை வேலை வாங்கிய முன்னாள் பெரிய மண்டோர், கோயில் தலைவரும் அவரே. "எதுக்கு வெளிய போவணும்? வர்ற வெள்ளிக்கிழம ஆத்தா முன்னால ரெண்டு பேரும் நிக்கட்டும். அவன் கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணட்டும், இல்ல தப்ப ஒத்துக்கட்டும். யாரு வரலியோ அவங்க பொய்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. எழுதி வைக்கிறேன், பிறகு மறைக்கக்கூடாது: எனக்குச் சரியென்றே பட்டது. அம்மன் முன் பொய் சொல்ல எந்த மனிதனுக்கு நெஞ்சு வரும் என்று நினைத்தேன்.

மார்ச் 23, வெள்ளி

மத்தியானம் முத்தாயி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். வெட்டுக்குப் போன உடுப்பைக்கூட மாற்றவில்லை. பிள்ளைகளுக்குக் கேட்காதபடி என்னை ஜன்னலோரம் இழுத்தாள்.

"பொண்ணு காலையிலேர்ந்து வீட்டுக்குத் தூரம் டீச்சர். கோயிலுக்குள்ள எப்படி வருவா? வேற நாள் வைக்கச் சொல்லுங்க. ஆம்பளைங்ககிட்ட நான் எப்படிப் போய்ச் சொல்றது?"

சொல்கிறேன் என்றேன். கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தேன்.

மாலை ஆறரைக்குக் கோயிலில் கூட்டம் நெரிந்தது. சன்னாசி சுற்றிப் பார்த்து, "பொண்ணு எங்க?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எல்லோரும் ஆண்கள். அதில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். பூசாரி தட்டோடு நிற்கிறார். அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை. "அவளுக்கு உடம்பு சரியில்லை. இன்னொரு நாள் வைக்கலாமா?" என்றேன்.

"ஆத்தா முன்னால நிக்கணும்னா எல்லாருக்கும் உடம்புக்கு முடியாமத்தான் போவும்லா" என்றான் ஒருவன். சிரித்தார்கள். அப்போதாவது சொன்னேனா? சொல்லவில்லை. கணேசமூர்த்தி எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எல்லோரும் விபூதி வாங்கிக்கொண்டார்கள், நானும் வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 24

கூட்டக் குறிப்பேடு மேசைமேல் இருந்தது. இவருடைய அழகான எழுத்தில்: 'புகார் கொடுத்தவர் வராததால் புகார் கைவிடப்பட்டது. பயிற்றுநர் மீது குற்றம் இல்லை.'

அவள் ஏன் வரவில்லை என்று சொன்னேன். இவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"நான் நடந்ததைத்தானே எழுதினனான். அவள் வரேல்லை. அது உண்மைதானே?"

"காரணத்தையும் எழுதுங்கோ."

"இஞ்சேரும், இதையெல்லாம் ஒரு குறிப்பேட்டில எழுத ஏலுமே? நீரே அங்கை வாய் திறக்கேல்லை. என்னைப் போய் எழுதச் சொல்லுறீர்."

எனக்குக் கோபம் வந்தது. அது இவர் மேல் இல்லை என்பதும் தெரிந்தது.

ஏப்ரல் 1, ஞாயிறு

பயிற்சிக்கு நீலாவதி வரவில்லை. அவள் இடத்தில் வேறு பெண். "வணக்கம் டீச்சர்" என்று கணேசமூர்த்தி பல் தெரியச் சிரித்தார். விசில் ஊதிய பிறகும் ஸ்டோர் வாசலில் நின்றேன், கடைசிப் பெண் கிளம்பும்வரை. சோறு ஒன்பது மணிக்கு.

ஏப்ரல் 5

தண்ணீர்க் குழாயடியில் முத்தாயி. என்னைக் கண்டதும் பாதி நிறைந்த வாளியோடு போய்விட்டாள்.

ஏப்ரல் 15, ஞாயிறு

புதுவருடத்துக்கு ரஹாங்கில் அக்கா வீட்டுக்குப் போனோம். அன்னபூரணம் அக்கா ஆஸ்பத்திரியில் தாதி. சமையலறையில் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"சொல்லியிருந்தா என்ன, குடிமுழுகிப் போயிருக்குமே? நான் நாள் முழுக்க ஆம்பிளை டொக்டர்மாருக்கு இதைத்தான் சொல்லுறன். ஒருத்தரும் மயங்கி விழேல்லை."

"அது ஆஸ்பத்திரி, அக்கா."

"ஓம். அங்கை வெக்கப்பட்டா நோயாளி செத்துப்போம். இஞ்சை வெக்கப்பட்டா உனக்கு ஒண்டும் ஆகாது. அந்தப் பிள்ளைக்குத்தான் ஆகும்."

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். இவர் தலைவலியா என்று கேட்டார்.

ஏப்ரல் 26

முத்தாயி வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். பள்ளியில் பிள்ளைகளைத் தினமும் மன்னிப்புக் கேட்க வைக்கிறேன், அது இவ்வளவு சிரமம் என்று இதுவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து சொல்லப்போகிறேன், பெயரையும் காரணத்தையும் சொல்ல வேண்டிவரும், சம்மதமா என்று நீலாவதியைக் கேட்டேன். முத்தாயி வேண்டாம் என்று தலையாட்டினாள். நீலாவதிதான் பேசினாள்.

"பொய்க்காரின்னு ஏற்கனவே சொல்றாங்க. இத சொன்னா மட்டும் புதுசா என்ன ஆயிடும்? சொல்லுங்க டீச்சர்."

ஏப்ரல் 29, ஞாயிறு

சொல்லிவிட்டேன். எழுத்து கோணலாக வருகிறது, பரவாயில்லை.

மன்றக் கட்டடத்தில் அறுபது எழுபது ஆண்கள், பின்வரிசையில் பெண்கள் ஏழெட்டுப் பேர். இவர் குறிப்பேட்டை வாசித்தார். கைவிடப்பட்டது, குற்றம் இல்லை. "திருத்தம் உண்டா?" என்று வழக்கம்போலக் கேட்டார். எந்தக் கூட்டத்திலும் யாரும் அதற்குப் பதில் சொன்னதில்லை. நான் எழுந்தேன்.

"உண்டு. மார்ச் 23 அன்று நீலாவதி வராததற்குக் காரணம், அவளுக்கு மாதவிலக்கு."

நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரியும், அதனால் நிறுத்தவில்லை. "அந்த நாளில் கோயிலுக்குள் வரக்கூடாது என்பது நம் கோயில் வழக்கம். வழக்கத்தை மதித்து வீட்டில் இருந்தவளைப் பொய் சொன்னவள் என்று எழுதி வைத்திருக்கிறோம். எனக்கு அன்றே தெரியும். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டேன். தவறு என்னுடையது. புகார் கைவிடப்படவில்லை என்று திருத்தி, கோயிலில் அல்லாமல் பள்ளிக்கூடத்தில் வைத்து முறையாக விசாரிக்க வேண்டும்."

ஆண்கள் கூரையைப் பார்த்தார்கள், செருப்பைப் பார்த்தார்கள். சன்னாசி காது மடலெல்லாம் கறுத்துப்போய், "சரிங்க டீச்சர், போதும், உக்காருங்க" என்றார்.

நான் உட்காரவில்லை. விளங்கவில்லை என்றால் மாதவிலக்கு எத்தனை நாள் இருக்கும் என்பதையும் விளக்குகிறேன் என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.

"எழுதிக்க கிராணி! எழுதிக்கலா, சீக்கிரம்!" என்றார் சன்னாசி.

இவர் பேனாவைத் திறந்தார். கூட்டத்தில் பேசும் அதே குரலில், "எந்தச் சொல்லைப் போடுவது?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன். எழுதினார். "வழிமொழிபவர்?" என்றார். யாரும் கை தூக்கவில்லை. நான் மறுபடி வாயைத் திறந்தேன். "நானே வழிமொழியிறேன், போதுமா!" என்று சன்னாசி மேசையில் தட்டினார்.

இத்தனை நாள் என் வாயை அடைத்த வெட்கம் இன்று அவர்கள் வாயை அடைத்தது. வீடு வந்ததும் சிரித்தேன். அப்புறம் நன்றாக அழுதேன். இவர் தேநீர் போட்டுக்கொண்டு வந்து வைத்தார். சீனி இரண்டு மடங்கு.

மே 6, ஞாயிறு

நான்காம் வகுப்பு அறையில் விசாரணை. நீலாவதி பேசினாள், பக்கத்தில் முத்தாயி. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். ஸ்டோரில் அவளை நிறுத்தி வைப்பதைப் பார்த்ததாக இன்னொரு பெண்ணும் வந்து சொன்னாள். கணேசமூர்த்தி வரவில்லை, கடிதம்தான் வந்தது: சொந்த வேலை காரணமாக விலகுகிறார். கமிட்டிக்கு விட்டது பாரம்.

'ஆற்றிய சேவைக்கு நன்றி' என்று ஒரு கடிதம் கொடுக்க வேண்டுமாம். வேண்டாம் என்று சண்டை போட்டேன். "போறவன்கிட்ட என்னத்துக்கு மல்லுக்கட்டு? ஒரு நல்ல வார்த்த சொல்லி அனுப்பிட்டுப் போவோம்" என்றார் சன்னாசி. எனக்குக் களைப்பு. கிடைத்தது போதும் என்று விட்டுவிட்டேன். கடிதத்தைத் தட்டச்சு செய்தவர் இவர்தான்.

மே 20

நீலாவதி பயிற்சிக்கு வந்தாள். பதினான்கு முறை எறிந்ததில் பதினொன்று விழுந்தது. முத்தாயி ஒரு தட்டுப் பலகாரம் கொடுத்தனுப்பியிருந்தாள்.

ஜூன் 10, ஞாயிறு

நீலாவதி சொல்லிக்கொண்டு போக வந்தாள். செனவாங்கில் எலக்ட்ரானிக் பேக்டரியில் வேலை, ஹாஸ்டல் உண்டு. சந்தோஷமாக இருந்தாள். அங்கேயும் வலைப்பந்து டீம் இருக்கிறதாம். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"அவரு இப்ப எங்க டீச்சர்?"

பதினாலாம் மைல் கட்டைத் தோட்டத்தில் லாரி வேலை கிடைத்துவிட்டது என்றேன். மன்றத்துக் கடிதத்தைக் காட்டி அங்கேயும் கோச் ஆகிவிட்டார் என்று இவர் சொன்னதையும் சொன்னேன்.

"அங்க பொண்ணுங்க டீம் இருக்கா?"

தெரியாது என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள். ஐந்து வாரத்தில் அந்தக் கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஜூன் 13

விசாரித்தேன். இருக்கிறது. பொறுப்பாளர் மயிலம்மாள், பிள்ளைக் காப்பகத்து ஆயா. குறிப்பேட்டின் நகல் வேண்டும் என்று இவரிடம் கேட்டேன். காரணம் கேட்காமல் ஏப்ரல், மே இரண்டு கூட்டத்தையும் படியெடுத்து, கீழே முழுக் கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுத்தார். "அந்தக் கடிதத்தை நான் அடிச்சிருக்கக் கூடாது, மீனா" என்றார்.

ஜூன் 17, ஞாயிறு

இரண்டு பஸ் மாறிப் போனேன். மயிலம்மாள் என் வயதுதான். காப்பகத்து வாசலில் பிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். "புது கோச்சு தங்கமான மனுசன் டீச்சர்" என்று தொடங்கினார். வந்த காரணத்தை முதல் வாக்கியத்திலேயே சொன்னேன். குறிப்பேட்டு நகலை வாங்கி, உதடு அசைய மெல்லப் படித்தார். ஸ்டோர் என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி படித்தார்.

"போன வாரம் ஒரு பொண்ணு கால் வலி, இனிமே வரலன்னா. சோம்பேறின்னு திட்டி அனுப்பினேன்."

அவர் எழுந்தார்.

"அவ வீடு அடுத்த லயம்தான். வாங்க."

கதவைத் திறந்தது ஒல்லியான பெண், பதினாறு வயதிருக்கும். மயிலம்மாளைக் கண்டதும் பயந்து, கால் இன்னும் வலிக்கிறது என்றாள். மயிலம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"திட்ட வரலம்மா. என்ன நடந்துச்சுன்னு கேக்க வந்தோம்."